அரையா, முழுசா?

1955-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், டெஸ் பிளைன்ஸ் என்ற ஊரில் ரே கிராக் தன் முதல் மெக்டொனால்ட்ஸ் கடையைத் திறந்தார். அங்கே உருளைக்கிழங்கு வறுவல் ஒரே அளவில்தான் கிடைத்தது. எடை சுமார் 68 கிராம். குளிர்பானமும் ஒரே அளவுதான்: 7 அவுன்ஸ், நம் கணக்கில் 200 மில்லிலிட்டருக்குச் சற்றே அதிகம். வந்தவர் ஒரு வறுவல் கேட்டார், கொடுத்தார்கள். சின்னதா, பெரிதா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, லிசா யங், மேரியன் நெஸ்லே என்ற இரு ஊட்டச்சத்து அறிஞர்கள் அமெரிக்க உணவகங்களின் அன்றைய அளவுகளையும் பழைய அளவுகளையும் ஒப்பிட்டு எழுதினார்கள். 1955-இன் அந்த 68 கிராம் பொட்டலம் 2001-இலும் விற்பனையில் இருந்தது. ஆனால் இப்போது அதன் பெயர் ‘ஸ்மால்’. பட்டியலில் இருந்த மிகப் பெரிய பொட்டலத்தின் எடையில் அது மூன்றில் ஒரு பங்கு. ஓர் ஆளுக்கு இது போதும் என்று ஒரு காலத்தில் கொடுக்கப்பட்ட அதே உணவு, குறைச்சலான உணவாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. அதன் எடை மாறவில்லை. பக்கத்தில் வந்து நின்ற மற்ற பொட்டலங்களும், அவற்றுக்குச் சூட்டப்பட்ட பெயர்களும்தான் மாறின.

வெளியே சாப்பிடப் போகும்போது எவ்வளவு கேட்கிறோம் என்பதைப் பசி மட்டும் முடிவு செய்வதில்லை. விலைப்பலகையில் எழுதியிருக்கும் அளவுப் பெயர்களும் அவற்றின் வரிசையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது வெட்கம். இந்த மூன்றும் சேர்ந்து வேலை செய்த விதத்தைக் கடந்த நூறாண்டு வரலாற்றில் தெளிவாகப் பார்க்கலாம். பிரியாணிக் கடை முதல் மல்டிபிளெக்ஸ் வரை ‘மினி’, ‘ரெகுலர்’, ‘லார்ஜ்’, ‘ஹாஃப்’, ‘ஃபுல்’ என்று கேட்டுப் பழகிவிட்ட தமிழ்நாட்டுக்கு அந்த வரலாறு அந்நியமானதல்ல.

இரண்டாவது பொட்டலம் வாங்கத் தயங்கியவர்கள்

டேவிட் வாலர்ஸ்டீன் என்பவர் சிகாகோவின் பாலபன் அண்ட் காட்ஸ் திரையரங்குக் குழுமத்தில் பணியாற்றியவர். திரையரங்குகளுக்குப் படத்தைவிட பாப்கார்னிலும் குளிர்பானத்திலும்தான் லாபம் அதிகம். விற்பனையைக் கூட்ட அவர் என்னென்னவோ செய்து பார்த்தார். விலையைக் குறைத்தார், இரண்டு பொட்டலம் சேர்த்து வாங்கினால் சலுகை என்றார். பலனில்லை. ஒரு பொட்டலத்தை முடித்துவிட்டு அடியில் கிடக்கும் பொரியைத் துழாவுகிறவர்கள்கூட எழுந்து போய் இரண்டாவது வாங்கவில்லை. காரணம் பசியோ காசோ அல்ல என்பதை அவர் கண்டுகொண்டார். இரண்டு பொட்டலம் வாங்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் தன்னைப் பேராசைக்காரன் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம்தான் அவர்களைத் தடுத்தது. அதனால் அவர் இரண்டு பொட்டலப் பொரியை ஒரே பெரிய பொட்டலத்தில் போட்டு, வேறு பெயர் கொடுத்து விற்றார். விற்பனை ஏறியது. கூடவே குளிர்பான விற்பனையும் ஏறியது.

பின்னர் அவர் மெக்டொனால்ட்ஸ் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். பெரிய அளவு வறுவல் விற்கலாம் என்று அவர் சொன்னபோது ரே கிராக் முதலில் ஏற்கவில்லை. கூடுதலாக வேண்டுமென்றால் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொள்ளட்டுமே என்பது அவர் வாதம். அந்த இரண்டாவது பொட்டலத்தைத்தான் மக்கள் வாங்கமாட்டார்கள் என்பது வாலர்ஸ்டீன் திரையரங்கில் கற்ற பாடம். 1970-களின் தொடக்கத்தில் பெரிய வறுவல் பட்டியலில் ஏறியது.

இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. அளவுப் பெயர் உணவின் அளவைச் சொல்வதோடு நிற்பதில்லை; இவ்வளவு சாப்பிடலாம் என்று அனுமதியும் கொடுக்கிறது. இரண்டு சின்னது வாங்குகிறவருக்கு இருக்கும் கூச்சம் ஒரு பெரியது வாங்குகிறவருக்கு இல்லை. அதுவும் ஒரு பொட்டலம்தானே.

லாபம் எங்கே இருக்கிறது

பெரியது விற்பதில் கடைக்காரருக்கு ஏன் இவ்வளவு அக்கறை? வாடகை, கூலி, மின்சாரம், பாத்திரம் கழுவும் செலவு ஆகியவைதான் ஒரு உணவகத்தின் பெரும் செலவுகள். பாப்கார்ன் சோளமும் சர்க்கரைத் தண்ணீரும் அவற்றோடு பார்த்தால் மிகச் சிறிய செலவு. ஆகவே அளவை இரட்டிப்பாக்கி விலையைக் கொஞ்சம் கூட்டினாலே, கூடிய விலையில் பெரும்பகுதி லாபமாக நிற்கும். வாங்குகிறவருக்கும் கொஞ்சம் கூடக் கொடுத்தால் ரெண்டு மடங்கு கிடைக்கிறதே என்ற நிறைவு.

பெப்சி 1930-களிலேயே இதைச் செய்துகாட்டியது. கோக்க-கோலா ஆறரை அவுன்ஸ் பாட்டிலை ஐந்து சென்டுக்கு விற்ற காலத்தில், அதே ஐந்து சென்டுக்கு 12 அவுன்ஸ் கொடுத்து நாடெங்கும் கால் ஊன்றியது. 1955-இல் கோக்க-கோலாவும் ‘கிங் சைஸ்’ பாட்டில்களோடு இறங்கியது. 1980-இல் செவன்-இலெவன் கடைகள் 32 அவுன்ஸ் கொண்ட ‘பிக் கல்ப்’ கோப்பையை அமெரிக்கா முழுவதும் கொண்டுவந்தன. ஏறக்குறைய ஒரு லிட்டர், ஒரே ஆளுக்கு. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதன் இரு மடங்கு கோப்பையும் வந்துவிட்டது. மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் மலிவான இனிப்புப் பாகு சர்க்கரையின் இடத்தைப் பிடித்ததும் இதே காலத்தில்தான். மெக்டொனால்ட்ஸின் ‘சூப்பர் சைஸ்’ 1980-களின் பிற்பகுதியில் வந்தது. உடல்பருமன் பற்றிய விவாதம் சூடுபிடித்திருந்த 2004-இல் விடைபெற்றது.

பெயர் போனால் அளவும் போய்விடும் என்று நினைத்துவிடக் கூடாது. வெண்டிஸ் நிறுவனத்தின் கதை அதற்குச் சாட்சி. 2006-இல் அது ‘பிக்கி’ என்ற பெயரைக் கைவிட்டது. அதுவரை அந்தப் பெயரில் விற்ற 32 அவுன்ஸ் கோப்பை அதன் பிறகு ‘மீடியம்’ ஆனது. அதற்கு மேலே 42 அவுன்ஸில் ஒரு புதிய ‘லார்ஜ்’ வந்து உட்கார்ந்தது. நேற்றுவரை பெரியது குடித்தோம் என்று அறிந்திருந்தவர்கள், மறுநாள் அதே கோப்பையில் நடுத்தரம் குடித்தார்கள்.

ஸ்டார்பக்ஸ் இன்னொரு வழியில் போனது. அதன் 8 அவுன்ஸ் ‘ஷார்ட்’ கோப்பை விலைப்பலகையிலிருந்து இறங்கியது. கேட்டால் கிடைக்கும், கண்ணில் படாது. கண்ணில் படுவதில் மிகச் சிறியது 12 அவுன்ஸ். அதன் பெயர் ‘டால்’, அதாவது உயரமானது. அதே நிறுவனம் 2023-இல் இந்தியச் சந்தைக்காக 6 அவுன்ஸில் ‘பிக்கோ’ என்ற சின்னக் கோப்பையை அறிமுகம் செய்தது. நம் ஊர் காபித் தம்ளரையும் நம் ஊர்ச் சட்டைப்பையையும் பார்த்து எடுத்த முடிவு அது. சந்தை வலியுறுத்தினால் சின்னதும் பலகையில் ஏறும் என்பதற்கு அது ஆதாரம்.

நடுவில் நிற்கும் பழக்கம்

பெயரும் வரிசையும் நம் மனத்தில் எப்படி வேலை செய்கின்றன என்பதை ஆய்வாளர்கள் பலவாறு சோதித்திருக்கிறார்கள். இந்தத் துறையில் மிகவும் புகழ்பெற்றிருந்த கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் வான்சிங்க்கின் கட்டுரைகள் பல, முறைகேடுகளால் திரும்பப் பெறப்பட்டன. 2018-இல் அவர் பதவி விலகல் அறிவித்தார். ஆகவே அவர் பெயரில் சுற்றிவரும் செய்திகளை ஒதுக்கிவிட்டு, மற்றவர்கள் கண்டதை மட்டும் பார்ப்போம்.

பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பார்பரா ரோல்ஸும் அவர் குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு எளிமையானது. பெரியவர்களுக்கு ஒரே உணவை வெவ்வேறு நாள்களில் 500 கிராம் முதல் 1,000 கிராம் வரை வெவ்வேறு அளவில் வைத்தார்கள். மிகப் பெரிய அளவு வைத்த நாளில் அவர்கள் சுமார் 30 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஆனால் வயிறு நிறைந்த உணர்வில் வேறுபாடு எதையும் அவர்கள் சொல்லவில்லை. அளவு மாறியதையே பாதிக்கு மேற்பட்டோர் கவனிக்கவில்லை.

2008-இல் கேத்ரின் ஷார்ப், ரிச்சர்ட் ஸ்டேலின், ஜோயல் ஹ்யூபர் ஆகியோர் குளிர்பான அளவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். மனிதர்கள் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் தவிர்த்து நடுவில் நிற்பதை எடுக்கிறார்கள். கடைக்காரர் மிகச் சிறியதை நீக்கினாலோ, மேலே இன்னொரு பெரியதைச் சேர்த்தாலோ, நடு இடம் மேலே நகர்கிறது. கேட்பவரும் அதோடு நகர்கிறார். தான் எப்போதும்போல நடுத்தரமானதைத்தான் வாங்கினேன் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார்.

நிலூஃபர் அய்டினோலு, அராத்னா கிருஷ்ணா இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வுதான் நம்மை அதிகம் யோசிக்க வைக்கிறது. பெரிய அளவு உணவின்மேல் ‘ஸ்மால்’ என்று எழுதினால், மனிதர்கள் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டது குறைவுதான் என்றும் நினைக்கிறார்கள். சின்னப் பெயர் குற்ற உணர்வைத் துடைத்துவிடுகிறது. இதற்கு எதிர்மாறான பொய்க்கு, அதாவது சின்னதைப் பெரியது என்று சொல்வதற்கு, அந்த அளவு சக்தி இல்லை. நமக்குச் சாதகமான பொய்யை நாம் சுலபமாக நம்பிவிடுகிறோம்.

அளவைக் கல்லில் வெட்டிய ஊர்

இனி நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் உணவின் அளவு எழுத்தில் நின்ற வரலாறு மிக நீண்டது. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் ஊரில், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்கிருந்த கல்விச்சாலையின் கணக்கைச் சொல்கிறது. 340 மாணவர்கள். இளைய மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், மூத்த மாணவருக்கு ஒரு குறுணி இரு நாழி; நாழியும் குறுணியும் அக்கால முகத்தல் அளவைகள். யாருக்கு எவ்வளவு என்பது ஊரறியக் கல்லில் இருந்தது. கொடுப்பவர் அதைத் தன் விருப்பத்துக்குக் குறைத்துவிட முடியாது. கோயில்களில் திருவமுதுக்கு அரிசி எத்தனை நாழி, நெய் எவ்வளவு என்பதையும் இதே துல்லியத்தோடு வெட்டி வைத்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கழித்து, 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று திமுக முழங்கியபோதும் மக்களிடம் பேசியது அளவின் மொழியில்தான்.

பந்தியில் வேறொரு ஏற்பாடு இருந்தது. அங்கே அளவுக்குப் பெயரே கிடையாது. முதலில் கொஞ்சம் சோறு விழும். பரிமாறுகிறவர் வரிசையாகத் திரும்பத் திரும்ப வருவார். சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. வேண்டும் என்றால் வாங்கிக்கொள்ளலாம். போதும் என்றால் இலைக்கு மேலே கையை நீட்டினால் போதும். விருந்துகளில் உபசரிப்பு என்ற பெயரில் திணிப்பதும் நடந்தது, இலையில் வீணானதும் உண்டு. சாதி பார்த்துப் பந்தி பிரித்த கொடுமையும் அதே கூடத்தில்தான் நடந்தது. ஆனால் சாப்பாட்டின் அளவைப் பொறுத்தவரை அந்த முறைக்குள் ஒரு நியாயம் இருந்தது. எவ்வளவு வேண்டும் என்ற முடிவு, சாப்பிட ஆரம்பித்த பிறகு, வாய்க்குவாய் எடுக்கப்பட்டது.

இன்றைய உணவகம் அந்த முடிவை முன்னால் கொண்டுவந்துவிட்டது. கல்லாவில் டோக்கன் வாங்கும்போது, அல்லது கைப்பேசிச் செயலியில் ஆர்டர் போடும்போது, சோற்றைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அளவைச் சொல்லியாக வேண்டும். பசி மிக அதிகமாகவும் தகவல் மிகக் குறைவாகவும் இருக்கும் நேரம் அது. கையில் இருப்பது ஒரு பெயரும் ஒரு விலையும் மட்டுமே. அந்த நேரத்தில் பெயர் சொல்வதைத்தான் மனம் கேட்கும்.

பிரியாணிக் கடை வாசலில்

மதியம் ஒன்றரை மணிக்குச் சென்னையில் ஏதாவது ஒரு பிரியாணிக் கடை வாசலில் நின்று பாருங்கள். அண்டாவின் மூடி திறந்திருக்கும். மாஸ்டர் கையில் ஒரு தட்டு, அதுதான் அளவை. வரிசையில் நிற்கிறவர் கேட்பார்: “அண்ணே, ஹாஃப்ல எத்தனை பீஸ் வரும்?”

“ஒரு பீஸ்தான்ணே. ஃபுல் வாங்கிக்கோங்க, ரெண்டு பீஸ், ஒரு முட்டை. அம்பது ரூபாதான் கூட.”

அவர் ஒரு நொடி யோசிப்பார். அரை போதும் என்றுதான் வந்திருப்பார். ஆனால் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். கணக்கும் ஃபுல்லுக்குத்தான் சாதகமாக இருக்கிறது. அதற்கு மேல் ஒரு சின்ன உறுத்தல்: அரை கேட்டால் கையில் காசில்லாதவன் என்று நினைப்பார்களோ? “சரி, ஃபுல்லே போடுங்க” என்கிறார். பாதியைத் தாண்டியதுமே வயிறு போதும் என்கிறது. காசு கொடுத்தாயிற்றே என்று சாப்பிட்டு முடிப்பார், இல்லை என்றால் மிச்சம் எச்சில் வாளிக்குப் போகும்.

சிகாகோவில் இரண்டாவது பொட்டலம் கேட்கக் கூச்சம். சென்னையில் அரைத் தட்டு கேட்கக் கூச்சம். ஒன்று பேராசைக்காரன் என்ற பெயருக்குப் பயந்தது, மற்றது கஞ்சன் என்ற பெயருக்குப் பயந்தது. இரண்டும் கடைசியில் ஒரே பெரிய பொட்டலத்தில்தான் வந்து சேர்கின்றன.

‘மினி டிபன்’ என்ற பெயரையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இட்லி, சின்ன தோசை, பொங்கல், வடை, கேசரி, கடைசியில் காபி. தனித்தனியாகக் கேட்டிருந்தால் ஒரே வேளையில் இத்தனையும் யாரும் கேட்கமாட்டார்கள். ‘மினி’ என்ற பெயர் முன்னால் நிற்பதால் அது அளவான சாப்பாடாகத் தெரிகிறது. அய்டினோலுவும் கிருஷ்ணாவும் ஆய்வுக்கூடத்தில் கண்டதை நம் சைவ ஓட்டல்களில் தினமும் காலை எட்டு மணிக்குப் பார்க்கலாம்.

அதே ஓட்டலில் இட்லியைக் கவனியுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் கேட்கிறோம். எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிகிறது, விலை அதற்கேற்ப ஏறுகிறது, இரண்டு போதும் என்பவரை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. சூப் கடையில் ‘ஒன் பை டூ’ என்பதும் அப்படித்தான். பெங்களூரில் ‘பை டூ’ காபி கேட்பது கௌரவக் குறைவே அல்ல. அமைச்சரும் கேட்கலாம், ஆட்டோ ஓட்டுநரும் கேட்கலாம். பாதிக்கு மரியாதையான ஒரு பெயர் கிடைத்த இடத்தில் ஜனங்கள் தயங்காமல் பாதி கேட்கிறார்கள்.

ஏன் இப்போது பேச வேண்டும்

மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது அது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம். இதற்கு ஓட்டல்கள்தான் காரணம் என்று சொன்னால் அது அபாண்டம். பரம்பரை, உழைப்புக் குறைவு, வீட்டுச் சாப்பாட்டிலேயே குவியும் அரிசி என்று காரணங்கள் பல. ஆனால் சர்க்கரை நோயாளி ஒருவர் வெளியூர் போகும்போது, சாப்பிடப்போகும் சோறு எத்தனை கிராம் என்று தெரிந்துகொள்ள வழியில்லை என்பது ஒரு சமூகத்துக்கு அழகல்ல. மாத்திரையின் அளவை மில்லிகிராமில் அறிந்திருக்கும் அவருக்குச் சாப்பாட்டின் அளவாகக் கிடைப்பது ‘ரெகுலர்’ என்ற ஒரு சொல்தான்.

இன்னொரு பக்கத்தையும் மறக்கக் கூடாது. மூட்டை தூக்குகிறவருக்கும், கட்டட வேலை செய்கிறவருக்கும், இரவெல்லாம் லாரி ஓட்டி வருகிறவருக்கும் ‘அன்லிமிடெட் மீல்ஸ்’ ஒரு வரம். அவர்கள் தட்டைச் சுருக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அளவு மறைந்திருப்பதால் அவர்களும் ஏமாறுகிறார்கள். விலைவாசி ஏறும்போது பலகையில் விலை நிற்கும், பெயர் நிற்கும், உள்ளே இருக்கும் சோறு மட்டும் சத்தமில்லாமல் குறையும். ‘ஃபுல்’ என்ற பெயரை வைத்துக்கொண்டு இன்னொருவரோடு வழக்காட முடியாது. 400 கிராம் என்று எழுதியிருந்தால் கேட்கலாம்.

சட்டம் செய்ததும் செய்யாததும்

நியூயார்க் நகரம் 2012-இல் துணிந்து ஒரு முயற்சி எடுத்தது. 16 அவுன்ஸுக்கு மேற்பட்ட கோப்பைகளில் இனிப்புப் பானம் விற்கக் கூடாது என்று மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் முன்மொழிந்தார். நகரச் சுகாதார வாரியம் ஏற்றது. நடைமுறைக்கு வரவிருந்த நாளுக்கு முந்தைய நாள் நீதிமன்றம் நிறுத்தியது. அந்த வாரியம் தன் அதிகாரத்தை மீறிவிட்டது என்று 2014-இல் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆனால் மக்களின் கோபம் அதிகாரம் பற்றியதல்ல. நான் எவ்வளவு குடிக்க வேண்டும் என்று நீ யார் சொல்ல என்பதுதான் அது. நம் நாட்டில் 2017-இல் மத்திய அமைச்சர் ராம் விலாஸ் பாஸ்வான், இரண்டு இறால் சாப்பிடுகிறவருக்கு ஆறு இறால் ஏன் பரிமாற வேண்டும் என்று கேட்டபோதும் அதே எதிர்ப்பு வந்தது. அளவை அரசு நிர்ணயிக்காது, உணவகங்கள் பட்டியலில் அளவைக் குறிப்பிட்டால் நல்லது என்றே சொன்னோம் என்று விளக்கம் கொடுக்க வேண்டிவந்தது.

அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. தட்டுக்குள் அரசு கை வைப்பதை யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் தட்டு ஏற்கெனவே யாராலும் தொடப்படாமல் இருக்கிறது என்று நினைப்பது தவறு. பலகையில் எத்தனை அளவு, எது நடுவில், எதற்கு என்ன பெயர் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் கணக்குப் போட்டே வைக்கிறது. அளவு தெரியாமல் தேர்ந்தெடுப்பதைச் சுதந்திரம் என்று சொல்ல முடியாது.

எண்ணை எழுதிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. உணவுப் பட்டியலில் கலோரி எழுதுவது பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2025-இல் வந்த காக்ரன் மதிப்பாய்வு, மக்கள் தேர்ந்தெடுக்கும் கலோரி சராசரியாக 1.8 சதவீதம்தான் குறைகிறது என்றது. 600 கலோரிச் சாப்பாட்டில் 11 கலோரி. இந்தியாவிலும் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்கள் கலோரியையும் பரிமாறும் அளவையும் காட்ட வேண்டும் என்ற விதி 2022 ஜூலை முதல் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் சாப்பிடும் மெஸ்ஸும் பிரியாணிக் கடையும் டீக்கடையும் அந்த விதிக்கு வெளியே நிற்கின்றன. மேலும், கலோரி என்பது படித்தவருக்கே எட்டாத கணக்கு. கிராமும், துண்டின் எண்ணிக்கையும், எத்தனை பேர் சாப்பிடலாம் என்பதும் எல்லோருக்கும் புரியும்.

எண்ணைவிட வலுவாக வேலை செய்வது வேறொன்று. ஜேனட் ஷ்வார்ட்ஸும் அவர் குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு அதைக் காட்டியது. அமெரிக்காவில் ஒரு சீன துரித உணவகத்தில், பரிமாறுபவர்கள் வாடிக்கையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: சோற்றைப் பாதியாகக் கொடுக்கட்டுமா? 14 முதல் 33 சதவீதம் பேர் சரி என்றார்கள். விலையில் சிறு தள்ளுபடி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஏறக்குறைய அதே அளவில் ஒத்துக்கொண்டார்கள். பாதி வாங்கிக்கொள்ள மனம் ஏற்கெனவே தயாராக இருந்தது. முதலில் வாய்திறக்கத்தான் கூச்சம். கடைக்காரரே கேட்டதும் அந்தக் கூச்சம் போய்விட்டது.

பெரியதை எடுத்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்துக்கும் பதில் உண்டு. இங்கிலாந்தில் 21 மதுக்கூடங்களில் 250 மில்லிலிட்டர் ஒயின் கோப்பையை நான்கு வாரம் நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். விற்ற ஒயின் 7.6 சதவீதம் குறைந்தது. மொத்த வருமானம் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. 2024-இல் வெளியான முடிவு இது.

செய்யக்கூடியவை

எதையும் தடை செய்யத் தேவையில்லை. மூன்று காரியங்கள் போதும்.

முதலாவது, ஒவ்வொரு அளவுப் பெயருக்கும் பக்கத்தில் அளவு எழுதப்பட வேண்டும். பிரியாணிக்குக் கிராமும் துண்டும், சாப்பாட்டுக்குச் சோற்றின் எடை, காபிக்கும் ஜூஸுக்கும் மில்லிலிட்டர். அண்டாவில் அள்ளும்போது பத்து இருபது கிராம் முன்பின் ஆகும். அதற்கு இடம் கொடுக்கலாம். பெட்ரோலையும் அரிசியையும் அளந்து வாங்கும் உரிமை பெற்ற நாட்டில் சமைத்த சோற்றுக்கு மட்டும் அளவு கேட்பது அதிகப்படி ஆகாது. ஆர்டர் செயலிகள் நாளைக்கே இதைச் செய்யலாம். ஓட்டல் சங்கங்கள் முன்வந்தால் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, சின்ன அளவு பலகையில் எல்லோர் கண்ணிலும் படும்படி, நியாயமான விலையில் இருக்க வேண்டும். பாதி அளவுக்குச் சரிபாதி விலை வைக்க முடியாது என்று கடைக்காரர் சொன்னால் அது உண்மைதான். எரிவாயுவும் கூலியும் வாடகையும் பாதியாவதில்லை. ஆனால் முழுசை வாங்கவைப்பதற்காகவே அரையின் விலையை ஏற்றி வைப்பதும் அந்தச் செலவை ஈடுகட்டுவதும் ஒன்றல்ல. அளவு எழுதப்பட்டுவிட்டால் இந்த வேறுபாடு யாருக்கும் தெரியும்.

மூன்றாவது, சப்ளையர் கேட்க வேண்டும். “சாப்பாடு குறைச்சு வைக்கட்டுமா சார், வேணும்னா அப்புறம் வாங்கிக்கலாம்” என்ற ஒரு வாக்கியம் போதும். இதற்கு இயந்திரமோ முதலீடோ தேவையில்லை. பந்தியில் பரிமாறியவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட கேள்விதான் இது. ‘அன்லிமிடெட்’ விற்கும் ஓட்டலுக்கு இதனால் சோறு மிச்சம், எச்சில் வாளியும் நிறையாது.

நம் பங்கும் இருக்கிறது. பக்கத்து மேசைக்காரர் அரைத் தட்டு கேட்டால் அவரைக் கஞ்சன் என்று எடைபோடாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. விருந்தாளிக்கு நிறைய ஆர்டர் செய்து பாதியை மேசையில் விட்டுவிட்டு எழுவதைப் பெருந்தன்மை என்று நினைக்கும் வழக்கம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்கிறது. தேவையானதைக் கேட்டு, கேட்டதைச் சாப்பிட்டு எழுவதுதான் சோற்றுக்கும் அதை விளைவித்தவருக்கும் சமைத்தவருக்கும் செய்யும் மரியாதை.

நூறாண்டாக நம் பசிக்கு வேறு யாரோ பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நகரத்துத் திரையரங்கில் லாபத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட உத்தி, கோடிக்கணக்கான மனிதர்கள் ஒரு வேளைக்கு எவ்வளவு என்று நினைப்பதையே மாற்றிவிட்டது. இதை மாற்றப் பெரிய புரட்சி வேண்டியதில்லை. விலைப்பலகையில் ஓர் எண்ணும், பரிமாறுபவர் வாயில் ஒரு கேள்வியும் போதும். அரை வாங்குகிறவர் தலைநிமிர்ந்து அரை வாங்கட்டும். முழுசு வேண்டியவர் எவ்வளவு என்று தெரிந்து முழுசு வாங்கட்டும். அளவை அறிவது சாப்பிடுகிறவரின் உரிமை. அந்த உரிமையைக் கேட்டு வாங்க வேண்டிய காலம் இது.